பாட்டுக்கு முன்னால் வரும் அப்பா

எஸ்கான்டிடோ ஊரில் லாயிட் பென்னரை முகம் பார்த்து யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். குழாய்ச் சாமான் கடைக் கவுன்டரில் நின்று, என்ன சைஸ் வேண்டும் என்று அவர் கேட்டதும் எதிரே நிற்கிற ஆள் ஒரு கணம் தலையைச் சாய்ப்பான். அப்புறம் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். "பெரியவரே, அந்தப் பாட்டுல வர்ற அப்பா நீங்கதானே? ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்." லாயிட் சொல்லமாட்டார். சாமானைப் பையில் போட்டுத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். இந்த மனுஷன் கொட்டிய சொல்லோ நாடு முழுக்க உருண்டது.

மகன் கோரிக்கு அப்போது இருபது வயது. காலேஜை விட்டுவிட்டு, டிரம்ஸ் அடிக்கிற சிநேகிதன் வீட்டு கராஜில் கித்தாரும் கையுமாகக் கிடந்தான். 'ஸ்ட்ரே கார்ட்ஸ்' என்று குழுவுக்குப் பெயர். கோபத்தை வேகமாகவும், அதே சமயம் யாரும் முணுமுணுக்கத் தோதாகவும் பாடுகிற பாப் பங்க், அந்தப் பக்கத்துப் பையன்களுக்கெல்லாம் சோறு தண்ணி மாதிரி இருந்த காலம். லாயிட் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, தன் கடையிலேயே மகனுக்கு ஒரு வேலை வாங்கி வைத்திருந்தார். சேர வேண்டிய அன்று பயல் வரவில்லை. முதலாளி சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் லாயிடைக் கொன்றது. வீட்டுக்குப் போனதும் வாசற்கதவின் பூட்டைக் கழற்றிப் புதுப் பூட்டை மாட்டினார். கராஜுக்கு போன் போட்டார். எடுத்தது, ஆளில்லாதபோது பேச்சைப் பதிந்துவைக்கிற மெஷின்.

"கோரி, அப்பன் பேசறேன். வாசக்கதவுப் பூட்டை மாத்தியாச்சு. பசிச்சா அந்தக் கித்தாரைத் தின்னு. கேட்டுச்சா?"

இந்த வகைப் பாட்டுக்காரர்களுக்கு அப்போது ஒரு பழக்கம் உண்டு. பிரிந்துபோன காதலி, வாடகை வீட்டுச் சொந்தக்காரர், வாத்தியார் என்று யாராவது மெஷினில் திட்டி வைத்திருந்தால் அதை அப்படியே பாட்டின் தலையில் ஒட்டிவிடுவார்கள். கோரியின் கூட்டமும் ஒட்டியது. "கேட்டுச்சா?" முடிந்த கையோடு டிரம்ஸ் இடி மாதிரி இறங்கும். பாட்டுக்கும் 'கித்தாரைத் தின்னு' என்றே பெயர் வைத்தார்கள். கராஜில் பதிவு செய்த அந்தச் சின்ன ரெக்கார்டைப் பெரிய கம்பெனி ஒன்று தூக்கிக்கொண்டுபோக, தொண்ணூற்றொன்பதாம் வருஷக் கோடையில் காரில், கடையில், கடற்கரையில், எங்கே பார்த்தாலும் லாயிடின் குரல்தான்.

அட, என்னவெல்லாம் நடந்தது! பனியனில் அந்த வார்த்தையை அச்சடித்து விற்றார்கள். பேஸ்பால் மைதானத்தில் எதிரணியில் பந்து வீசுகிற பிட்ச்சரை வெளியே அனுப்பும்போது அதைத்தான் ஒலிக்கவிட்டார்கள். ஹோம்வொர்க் கேட்ட டீச்சரிடம் பிள்ளைகள் "கித்தாரைத் தின்னு" என்றார்கள். டிவியில் வந்த வீடியோவில் அப்பாவாக நடித்தவனுக்குத் தொப்பை, அழுக்குப் பனியன், கையில் பீர். லாயிட் வாழ்நாளில் பீரைத் தொட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அங்கேயும் பாஸ்டர் பிரசங்கத்தில் ஒரு முறை அதைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். லாயிடும் சேர்ந்து சிரித்தார். வேறென்ன செய்வது? வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திக் கத்திவிட்டு ஓடுகிற விடலைகளுக்குப் பயந்து, வாசல் விளக்கைப் போடுவதையே விட்டுவிட்டார்.

மனுஷன் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையைத் துரத்தியவன் என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டதே! அப்போதுதான் மார்லீன், அவர் மனைவி, ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே எடுத்துக்கொடுத்தாள். "முழுசையும் போடல லாயிட். கடைசியில நீங்க, 'பின்கதவு திறந்திருக்கு, அடுப்புல மக்ரோனி இருக்கு, வந்து சாப்பிட்டுப் படு'ன்னு சொன்னீங்களே. அதை வெட்டிட்டாங்க." கோபத்தில் பேசியது. அவருக்கு நினைவில்லை. ஆனால் மார்லீன் பொய் சொல்கிறவள் இல்லை. யோசிக்க யோசிக்க, ஆமாம், சொன்னேன் என்று பட்டது. கொஞ்ச நாளில் தன் குரலே காதில் கேட்டது.

அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நின்றார். வெட்டிட்டானுங்க, மீதி இருக்கு என்று கவுன்டரில் சொன்னார், சர்ச்சில் சொன்னார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே சொன்னார். யாருக்கு வேண்டும் மீதி? கோரியிடம் மட்டும் கேட்கவில்லை. அவன் தானாகச் சொல்லட்டும், ஏதாவது பேட்டியில், எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தார். அவன் சொல்லவில்லை. நாஷ்வில்லில் குடியேறிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு போன் செய்வான், உடம்பு எப்படி என்று கேட்பான். மார்லீன் போய்ச் சேர்ந்தபோது அப்பாவும் மகனும் சவப்பெட்டிக்கு இரண்டு பக்கமும் சம்பந்திகள் மாதிரி மரியாதையாக நின்றார்கள்.

பாட்டுக்கும் வயசானது. சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கும்போது தலைக்கு மேலே மெல்லிசாகக் கேட்கும். அன்று கத்திவிட்டு ஓடிய விடலைகள் இன்று வழுக்கையும் தொப்பையுமாகத் தம் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு தள்ளுவண்டி உருட்டுகிறார்கள். லாயிட் தக்காளியை வைத்துவிட்டு வெளியே போய் நிற்பார்.

பாட்டு வந்து இருபது வருஷமானதைக் கொண்டாட, பக்கத்து டெல் மார் கண்காட்சி மேடையில் பழைய குழு சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. கோரி போன் செய்தான். "அப்பா, நீங்களே மேடைக்கு வந்து அதைச் சொல்றீங்களா? ஜனங்க சந்தோஷப்படுவாங்க." லாயிட் உடனே ஒத்துக்கொண்டார். அவர் கணக்கு வேறு. மைக் கையில் இருக்கும். ஆயிரக்கணக்கான பேர் எதிரே இருப்பார்கள். வெட்டியதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். சாவதற்குள் ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிட்டால் போதும். இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம், மேடைக்குப் பின்னால், கோரி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கித்தாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தான். தாடியில் நரை. லாயிட் பக்கத்தில் உட்கார்ந்து, மீதியையும் சொல்லப்போகிறேன், அந்தப் பின்கதவு, மக்ரோனி எல்லாவற்றையும் என்றார். கோரியின் கை நின்றது.

"அப்பா, அதை நீங்க சொல்லல."

"சொன்னேன்டா. நீங்கதான் வெட்டிட்டீங்க."

"ஒரு எழுத்துகூட வெட்டல. நீங்க போனை வச்சதும் அம்மா கூப்பிட்டாங்க. மெதுவா, ரகசியமா பேசினாங்க. அது அடுத்த மெசேஜ்."

லாயிட் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. உங்க அம்மாதான் எனக்கே நினைவுபடுத்தினாள் என்றார். தெரியும் என்றான் கோரி. அம்மா அவனிடமும் சொல்லி வைத்திருந்தாள்: அதைப் பிடிச்சுக்கிட்டுதான் அவர் நிக்கறார், நீ பிடுங்கிடாதேடா என்று. அவளும் போய்விட்டாளே, இனி என்ன என்றுதான் இன்று வாய்விட்டுச் சொன்னான். பாவி மகள், தன் வார்த்தையைப் புருஷனுக்குத் தானம் கொடுத்துவிட்டுச் சாகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

லாயிட் கேட்டார். "அம்மா கூப்பிட்டாளே, நீ வந்தியா?"

"வந்தேன். பின்கதவும் பூட்டியிருந்துச்சு." கோரி தந்தியை முறுக்கினான். "அதையும் பூட்டிட்டீங்கன்னு புரிஞ்சுது. தட்டல. எங்க குழு வேன்லயே படுத்துக்கிட்டேன்."

லாயிடுக்கு இது நினைவிருந்தது, யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. படுக்கப்போகும் முன் வீட்டைச் சுற்றிவந்து எல்லாக் கதவையும் இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று பின்கதவு திறந்து கிடந்தது. மார்லீன் மறந்துவிட்டாள் என்று முனகிக்கொண்டே பூட்டினார். அடுப்பு மேல் மூடி வைத்திருந்த தட்டையும் பார்த்தார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

"அம்மா மறந்துட்டான்னு நினைச்சுடா பூட்டினேன். உனக்காகத் திறந்து வச்சிருக்கான்னு தெரியாது. சத்தியமா தெரியாது."

இல்லாததை இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், முதல் தடவையாக உள்ளதைச் சொன்னார். கோரி அவரை ஏறிட்டுப் பார்த்தான். அப்புறம், தள்ளாத கிழவர்கள் எதையாவது சொன்னால் நாம் ஆட்டுவோமே, அப்படித் தலையை ஆட்டினான்.

"சரிப்பா. விடுங்க. முடிஞ்சு போச்சு."

அவன் நம்பவில்லை. எப்படி நம்புவான்?

பொழுது சாய்ந்தபோது அவரைக் கைப்பிடித்து மேடையேற்றினார்கள். மைதானம் கொள்ளாத கூட்டம். அவர் வாயைத் திறக்கும் முன்பே கைதட்டல், சீட்டி. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்ற அப்பாக்கள், அவருக்காகச் சட்டென்று அடங்கினார்கள். லாயிட் மைக்கைப் பிடித்து, பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்துக்கொண்டே, வாசற்பூட்டை மாற்றியதைச் சொன்னார், கித்தாரைத் தின்னச் சொன்னார், கேட்டுச்சா என்றார். டிரம்ஸ் இறங்கியது. கூட்டம் மொத்தமும் துள்ளியது. மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மெஷினில் பேசிய அன்றும் அவர் சொன்னது அவ்வளவுதான்.