கர்னல் டப்பாவும் கொலனலு கேட்பவர்களும்

பெயிண்ட் கடைக்காரனுக்குக் கை சுத்தமாக இருக்காது. காதாவது சுத்தமாக இருக்க வேண்டும்.

என் கடை மாமல்லபுரத்தில். இங்கே உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. அதனால் துருவைத் தடுக்கும் பெயிண்ட்தான் ஓடும். அதில் ஒரு கம்பெனிக்கு இந்த வட்டாரத்தில் நான்தான் ஏஜென்ட். அவர்கள் பட்டாளத்து அதிகாரியின் பதவியைப் பெயராக வைத்துவிட்டார்கள். டப்பாவில் இருக்கும் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டினால் கொலோனெல். சொல்ல வேண்டியது கர்னல். இதை வைத்தவன் யாரோ. கல்லாவில் உட்கார்ந்து அனுபவிப்பது என்னைப் போன்றவர்கள்தான்.

கேளம்பாக்கத்துத் தம்பி

ஐ.டி. வேலை. கடற்கரையில் வீடு வாங்கியிருந்தார். நாக்கை மடித்து "கெர்ர்னல்" கேட்டார். "கெர்னல் ஒரு லிட்டர்," என்று எடுத்து வைத்தேன். பின்னால் வந்த வெல்டர் "கலோனல்" கேட்டார். "கலோனல் ரெண்டு லிட்டரா?" என்று அதே அலமாரியில் இருந்து எடுத்தேன். தம்பிக்கு முகம் மாறிவிட்டது.

"அங்கிள், இதுல எது டூப்ளிகேட்?"

திருக்கழுக்குன்றத்து வாத்தியார்

ரிட்டயரான தலைமை ஆசிரியர். மாடிப்படிக் கைப்பிடிக்கு வாங்க வந்தார். அப்போது நான் போனில் ஒரு மீனவரிடம் "கொலனலு வந்துட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

"உச்சரிப்பு ரொம்ப மோசம். பெயிண்ட் நல்லா இருக்கு. ரெண்டு லிட்டர் கொடுங்க."

கம்பெனி உத்தரவு

ஒருநாள் கம்பெனி மேனேஜர் வந்தார். கையில் ஒரு படிவம். இனி கடையில் எல்லோரும் கர்னல் என்றுதான் சொல்ல வேண்டும். தப்பாகக் கேட்பவரைத் திருத்தவும் வேண்டும். அடுத்த வாரம் ஒரு நாள் முழுக்க நின்று பார்ப்பாராம். சரியில்லையென்றால் ஏஜென்சி எதிர்க்கடைக்குப் போய்விடும். என் வியாபாரத்தில் பாதி அந்த டப்பாதான்.

"கேக்கறவர் எப்படிச் சொல்றாரோ அப்படியே திருப்பிச் சொல்றதுதான் என் பழக்கம். திருத்தினா மனுஷனுக்கு மூஞ்சி சுருங்கிடும். அடுத்த தடவை வர மாட்டான்," என்றேன்.

"ஏஜென்சி வேணுமா, பழக்கம் வேணுமா சார்?"

"ரெண்டும்."

அவர் போனதும், இருபது வருஷமாக என்னோடு வேலை பார்க்கும் ஆரோக்கியம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணாத்த, ஒரு நாளு வாய மூடிக்கினு இருந்தா இன்னா கொறஞ்சிடும் உனக்கு?"

அந்த நாள்

மேனேஜர் காலையிலேயே வந்து கல்லா பக்கத்தில் நின்றுகொண்டார். முதல் ஆள் ஏழுமலை. குப்பத்தில் இருக்கிற படகுகளின் இரும்புச் சாமானுக்கெல்லாம் அவர்தான் மொத்தமாகப் பெயிண்ட் வாங்குவார்.

"அண்ணாத்த, கொலனலு இருவது லிட்டரு குடு."

நான் வாயைத் திறக்கும் முன் மேனேஜர் முந்திக்கொண்டார். "கொலனல் இல்லைங்க, கர்னல். எங்க, ஒருவாட்டி சொல்லுங்க."

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் சிரித்தார். ஏழுமலை மேனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா சார், பெயிண்டு வாங்க வந்தா பரீட்ச வெக்கிற?" என்று படி இறங்கிவிட்டார். நேராக எதிர்க்கடைப் பக்கம்.

ஏஜென்சி போனால் போகட்டும் என்று நானும் வாசலுக்கு வந்து சத்தமாகவே கூப்பிட்டேன். "ஏழுமல! கொலனலு இருவது லிட்டரு எடுத்து வெச்சிகீது. வா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. ஏழுமலை நடுரோட்டில் நின்றார். கொஞ்சம் யோசித்தார். திரும்பி வந்தார். மேனேஜர் படிவத்தில் பேனாவை வைத்தவர் எழுதவில்லை. டப்பாக்களை வண்டியில் ஏற்றும்போது ஏழுமலை அவரைக் கூப்பிட்டார்.

"பேரு அப்பால சொல்லிக்கலாம், இந்த டப்பாவ ஒரு கை புடி சார்."

பிடித்தார், ஏஜென்சி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, மேனேஜர் போனில் கர்னல் என்றால் நானும் அவரிடம் கர்னல் என்றே சொல்கிறேன், அவரை மட்டும் எதற்குத் திருத்துவது!