மேயரின் மதியச் சாப்பாடு

இத்தாலியின் மொந்தெவெர்லா ஊரில் கால்நடை மருத்துவர் எர்மெஸ், மேயர் தேர்தலில் தோற்கவேண்டும் என்று மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிய ஒரே ஆள், அவரை ஊரிலேயே அதிகம் விரும்பிய ஜெலிந்தாதான்.

ஜெலிந்தா சாப்பாட்டுக் கடைக்காரி. சதுக்கத்தில் நகராட்சி மாளிகைக்கு நேர் எதிரே கடை. மனைவியை இழந்த எர்மெஸ் வருஷக்கணக்காக மதியம் அங்கேதான் சாப்பிட்டார். பசுவுக்குப் பிரசவம் பார்த்த கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால், கேட்காமலே சூப்பில் மிதக்கும் தொர்தெல்லினி, அதாவது கறி பொதிந்த குட்டிக் கொழுக்கட்டைகள், வரும். உப்பு ஒரு கல் தூக்கல் என்பார் அவர். போய் மாடுங்ககிட்ட சொல்லுங்க என்பாள் இவள். பேச்சு இதற்குமேல் ஓர் அடி நகர்ந்ததில்லை. ஆனால் ஜெலிந்தா தோடு மாட்டுவது அந்த ஒரு சாப்பாட்டு நேரத்துக்காகத்தான் என்பது, பக்கத்துச் சலூன் நெரீனோ முதல் புறாக்களுக்குத் தீனி போடுகிறவர்கள் வரை எல்லாருக்கும் தெரியும். டாக்டருக்கு மட்டும் தெரியாது. மாட்டின் வயிற்றில் இருப்பதைத் தொட்டே சொல்லிவிடும் மனிதர்!

அவர் மேயரானால் என்ன கெட்டுவிடும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். சாப்பாடு கெட்டுவிடும். இந்த ஊர் மேயர் பதவியில் இருக்கும்வரை அடுத்தவர் சமைத்ததில் கை வைக்கக் கூடாது. காசு கொடுத்தாலும் கூடாது. அந்தக் காலத்தில் ஊரின் பெரிய குடும்பங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தபோது, நியாயம் சொல்ல வேற்றூரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து தலைவராக வைத்தார்கள். யார் வீட்டு விருந்துக்கும் மயங்கிவிடக் கூடாது என்று அவருக்குப் போட்ட கட்டுப்பாடு அது. நடுவில் எல்லாரும் மறந்துபோனார்கள். பிறகு சர்வாதிகாரி ஆட்சியில், ஓட்டே இல்லாமல் ரோமிலிருந்து நியமிக்கப்பட்ட ஒருவன் வந்தான். ஊர் ரேஷன் ரொட்டிக்கு வரிசையில் நிற்க, அவன் வீடு வீடாகப் போய்ப் பன்றித் தொடையை வெட்டித் தின்றான். போர் முடிந்து ஊர் தானே தேர்ந்தெடுத்த முதல் மேயர் ஒரு கொத்தனார். அவர் பதவியேற்றதும் செய்த முதல் காரியம், பழைய கட்டுப்பாட்டைத் தூசி தட்டி எடுத்ததுதான். அன்றிலிருந்து வலதுசாரியோ இடதுசாரியோ, ஒருவரும் அதை மீறியதில்லை.

மெழுகுவத்தி பலிக்கவில்லை. எர்மெஸ் ஜெயித்தார். மூவர்ணப் பட்டையை மார்பில் போட்டுக்கொண்டு மாளிகைப் படியில் நின்று கையசைத்தபோது, ஜெலிந்தா உள்ளே போய் வெங்காயம் நறுக்கினாள்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் மேயர் மாளிகை வாசல் கல்பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். அவருக்குத் தெரிந்த சமையல் குழைந்த அரிசி, அவித்த முட்டை, பாலாடைக்கட்டியின் காய்ந்த ஓரம், அவ்வளவுதான். ஜெலிந்தா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த நாற்காலியில் மட்டும் யாரையும் உட்கார விடமாட்டாள். நாற்காலிக்குக் கால் உடைந்துவிட்டது என்று பொய் சொல்வாள்.

ஐந்து வருஷம் போனது. மறுபடியும் தேர்தல். எர்மெஸை எதிர்த்து நின்றவன் ஒரு நிலத் தரகன், ஆற்றங்கரையை விழுங்கக் காத்திருப்பவன். ஜெலிந்தா அவனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினாள். உனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நெரீனோ கேட்டதற்கு, போய் சிரைக்கிற வேலையைப் பார் என்றாள்.

விஷயம் எர்மெஸ் காதுக்குப் போனது. ஒரு மதியம் கடை வாசற்படி வரை வந்து நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

“ஜெலிந்தா, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டேன். ஒரு யூரோ தொட்டதில்ல. எம்மேல உங்களுக்கு என்ன கோவம்?”

“ஒரு கோவமும் இல்ல, டாக்டர். நீங்க நல்ல மேயர். அதான் எனக்கு வினை.” கரண்டியால் ஜன்னலோரத்தைக் காட்டினாள். “இன்னும் அஞ்சு வருஷம் அந்த நாற்காலிய காலியா பார்த்துக்கிட்டு என்னால சமைக்க முடியாது.”

எர்மெஸ் நாற்காலியைப் பார்த்தார். அவள் காதுத் தோட்டைப் பார்த்தார். அவருடைய காது மடல் சிவந்துபோனது.

“அப்ப நான் நிக்கல. இப்பவே போய் வாபஸ் வாங்கிடுறேன்,” என்று திரும்பி நடந்தார்.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. அவர் போவதைப் பார்க்கப் பார்க்க, நாளைக்கு அந்த மாளிகையில் தரகன் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. தான் இத்தனை நாள் செய்தது அசிங்கமாக இருந்தது. ஏப்ரனைக் கழற்றி எறிந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்தைக் கடந்தாள். கல்பெஞ்சுக்கு எதிரே அதைப் போட்டு உட்கார்ந்து, மாளிகைப் படியேறிக்கொண்டிருந்த எர்மெஸைக் கூப்பிட்டாள்.

“வாபஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். மேயர் அடுத்தவங்க சாப்பாட்டைத் தொடக்கூடாது, சரி. மேயர் சாப்பாட்டை அடுத்தவங்க தொடக்கூடாதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?”

யாரும் சொன்னதில்லை என்று நெரீனோ சலூன் வாசலிலிருந்து, பாதி சிரைத்த ஆளை விட்டுவிட்டு, குரல் கொடுத்தான்.

எர்மெஸ் படியிறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அங்கே வைத்திருந்த தன் டப்பாவைத் தயங்கித் தயங்கித் திறந்தார். சுற்றுவட்டார ஊர்களிலெல்லாம் பேர்போன சமையல்காரி, அந்தக் குழைந்த அரிசியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். சதுக்கமே பார்த்தது.

“உப்பே இல்ல,” என்றாள்.

“போய் மாடுங்ககிட்ட சொல்லுங்க,” என்றார் எர்மெஸ்.

அந்தத் தேர்தலில் ஜெலிந்தா அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாள்; அவரே மறுபடியும் ஜெயித்தார். இப்போதெல்லாம் மதியம் அவள் கடைக்குப் போனால் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். கடைக்காரி சாப்பிடப் போயிருப்பாள்.