ஸ்டெல்லாவின் சாதா வெள்ளைப் புடவை

கல்யாணப் புடவை எடுக்கப் போய், கடைக்காரரையே கவலைப்பட வைத்த பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா.

"சாதா வெள்ளை போதும்ணா. ஜரிகை வேணாம், பூவும் வேணாம்."

"கல்யாணத்துக்குத்தானேம்மா?" என்றார் அவர், சந்தேகமாக.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "கலரை எங்க கோயிலு குடுத்துரும்க்கா."

ஸ்டெல்லாவுக்கு ஓசூரில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. ஜன்னலே இல்லாத ஹால். வெள்ளைக் கோட், வெள்ளை லைட். "உள்ள போயிட்டா வெயிலா மழையான்னே தெரியாதுக்கா" என்பாள்.

அவள் சொன்ன கோயில் கிருஷ்ணகிரிப் பக்கம், அவளுடைய ஊரில். வெள்ளைக்காரர் காலத்தில் கோதிக் பாணியில் கட்டிய சர்ச். போன வாரம் கல்யாணத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்தவள் நடக்க மறந்து நின்றுவிட்டேன்.

நம்மூர்க் கருங்கல்தான். ஆனால் அதற்கு எடையே இல்லாத மாதிரி! ஓசூர்ப் பக்கம் சானமாவு காட்டு ரோட்டில் இரண்டு பக்கத்து மரங்களும் தலைக்கு மேலே கை கோத்துக்கொள்ளுமே... அப்படி, தூண்கள் மெலிதாக எழுந்து, கிளை பிரிந்து, உச்சியில் கூராகச் சேர்கின்றன. பாரத்தையெல்லாம் அந்த வளைவுகளே வாங்கிக்கொள்வதால் சுவருக்கு வேலை குறைவு. அது ஒதுங்கி ஜன்னலுக்கு இடம் விட்டிருக்கிறது. வீட்டில் பாரம் சுமக்க நாலு பேர் இருந்தால் ஐந்தாவது ஆள் கொஞ்சம் கனவு காணலாம் இல்லையா — அந்த மாதிரி.

பீடத்துக்கு வலப்பக்கம் உயரமான வண்ணக் கண்ணாடி ஜன்னல். காலை வெயில் அதன் வழியே இறங்கினால், மணமக்கள் நிற்கிற இடத்தில் சிவப்பும் நீலமுமாக விழும். சின்ன வயதில் பூசையைக் கவனிக்காமல் அந்த நிறத்தில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தவள் ஸ்டெல்லா. அதற்காகத்தான் சாதா வெள்ளை.

வந்தார் வீடியோக்காரர். பெரிய லைட்டைப் போட்டார். ஜன்னல் தந்த நிறமெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"அண்ணா, லைட்ட அமத்துங்க" என்றாள் ஸ்டெல்லா.

"அமத்துனா மூஞ்சி கருப்பா வுழும்மா. அப்புறம் என்னயத் திட்டுவ."

"கம்பெனில தெனம் இந்த லைட்டுதான். இன்னிக்காவது விடுங்கண்ணா."

அமத்தினார். அந்த நேரம் பார்த்து... மேகம்! கோயிலே கறுத்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். முன் பெஞ்சிலிருந்து, "ஏனிது, பரீ கத்தலு!" என்றார். ஒரே இருட்டாக இருக்கிறதாம். "நல்ல காரியத்துல இருட்டா? லைட் போடப்பா!"

வீடியோக்காரரின் கை ஸ்விட்சுக்குப் போனது. ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஃபாதர் அப்போது பிரசங்கத்தின் முடிவில் இருந்தார். "கடைசியா ஒண்ணு" என்று சொல்லியும் ஆயிற்று. அது முடிந்தால் தாலிதான். அவர் வீடியோக்காரரைக் கையமர்த்தினார். ஜன்னலை ஒருமுறை பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

பொறுமையைப் பற்றிப் பேசினார். புருஷனுக்கு வேண்டிய பொறுமை, மாமியாருக்கு வேண்டிய பொறுமை... நடுநடுவே ஜன்னல் பக்கம் ஒரு பார்வை. எனக்குப் பின்னால் யாரோ முனகினார்: "பிரியாணி ஆறுதுப்பா. நமக்கு ஏது பொறுமை?"

சட்டென்று வந்தது.

முதலில் தரையில் ஒரு சிவப்புத் துண்டு. பிறகு தூணில் நீலம். மெல்ல நகர்ந்து, அந்தச் சாதா வெள்ளை முழுக்கப் படர்ந்து... உலகத்தில் எந்தத் தறியும் அப்படி ஒரு புடவை நெய்திருக்காது.

ஃபாதர் வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு, "எழுந்திருங்க" என்றார். அந்த நிறத்திலேயே தாலி ஏறியது. மாமியார் தன் உள்ளங்கையில் விழுந்திருந்த நீலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சென்னாகிதெ" என்றார், மெதுவாக. நல்லாயிருக்கிறதாம்!

பிரசங்கம் நீண்டால் கடிகாரத்தைப் பார்ப்பது என் வழக்கம். இனி ஜன்னலைப் பார்ப்பதாக இருக்கிறேன்.