நின்ற வண்டியில் ஏறாதவன்

மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகிற ரயிலைத் தவறவிட்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. அதிலேயே உட்கார்ந்து பாதி தூரம் போன பிறகு தவறவிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ரயிலைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று திடமாக நம்பிய வயது.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும் கூட்ஸ் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு சாக்கடையும் ஒரு சுவரும்தான். கூட்ஸ் போகும்போதெல்லாம் அம்மா அலமாரி டம்ளர்களை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் குழம்பைக் கிளறுவாள். எங்கள் தெருப் பையன்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நிற்கிற வண்டியில் ஏறக்கூடாது. அது மூட்டை முடிச்சோடு வருகிறவர்களின் வேலை. வண்டி அசைய வேண்டும், சக்கரம் ஒரு சுற்று சுற்ற வேண்டும், பிறகு கூடவே நாலு எட்டு ஓடிக் கடைசிப் பெட்டியின் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும். கடைசிப் பெட்டி ஏனென்றால், கை நழுவினாலும் பின்னால் வந்து ஏறி மிதிக்க வேறு சக்கரம் கிடையாது. முட்டாள்தனத்தைக்கூட இவ்வளவு யோசித்துத்தான் செய்தோம்.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மாவின் தம்பி, என் மாமா, என்னையும் என் தோஸ்துகள் பஷீர், சேகர் இருவரையும் ஊட்டிக்குக் கூட்டிப் போவதாக அறிவித்தார். மாமா திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வெல்டர். பிள்ளைகள் மேல் தம்பிக்கு எவ்வளவு பாசம் என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையில் நாங்கள் மூவரும் வெறும் சாக்கு. வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் வேலை பார்த்த குன்னூர்ப் பெண் ஒருத்தியை மாமா கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். வீட்டிலோ வேறு இடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. வளர்த்தது அண்ணன், தேயிலை ஃபேக்டரியில் மேஸ்திரி. ஆறு மாதம் முடியவே முடியாது என்றவர், கடைசியில் ஒரே ஒரு தரம் பார்க்கிறேன் என்று இறங்கி வந்திருந்தார். மலை ரயில் வரும் நேரத்துக்குக் குன்னூர் ஸ்டேஷனில் நிற்பார். ஆள் பிடித்தால் மேலே பேசலாம், இல்லையென்றால் அத்தோடு சரி. அவளும் கடைக்கு லீவு போட்டு, முன்னதாகவே ஊருக்குப் போயிருந்தாள்.

மேட்டுப்பாளையம் பிளாட்ஃபாரத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் மாமா எங்கள் மூவரையும் வரிசையாக நிற்கவைத்து இதைச் சொன்னார்.

“பத்தரைக்கு அந்த மனுசன் முன்னாடி நான் போய் நிக்கணும். லேட்டானா அவரு திரும்பிப் போய்கினே இருப்பாரு. இன்னிக்கு ஒரு நாளு பேஜார் பண்ணாதீங்கடா.”

“இன்னா மாமா, ரயிலாண்டயே பொறந்தவன்கிட்ட சொல்ற?” என்றேன்.

கூட்டத்தில் முண்டியடித்து ஏறியதில் என்ஜினைப் பார்க்கவில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது, முன்னால் இருக்கும். கல்லாறு தாண்டியதும் புகை பின்பக்கத்திலிருந்து வருவதைக் கவனித்த பஷீர் ஏன் என்று கேட்டான். மலைக்காற்று அப்படித்தான் சுற்றிக்கொண்டு வரும் என்று விளக்கினேன். அவன் மரியாதையோடு கேட்டுக்கொண்டான்.

ஹில்குரோவில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள், குரங்குகளைப் பார்த்தார்கள், குரங்குகள் எல்லோரையும் பார்த்தன. என்ஜின் பக்கம் நான் திரும்பவே இல்லை. ஊதல் சத்தம் கேட்டதும் மொத்தக் கூட்டமும் ஓடி ஏறியது. மாமா உள்ளே சின்னக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார். நான் மட்டும் பிளாட்ஃபாரத்தில், கால்சட்டைப் பையில் கை விட்டபடி நின்றேன்.

“ஏறுடா, வண்டிய எடுக்கப் போறான்!” என்று ஜன்னலில் தொங்கினான் சேகர்.

“எடுக்கட்டும். நின்ன வண்டில ஏறுறியே, நீயெல்லாம் நம்ம பேட்டப் பையனாடா?”

வண்டி அசைந்தது. எங்கள் ஊர்க் கூட்ஸ் இதைவிட வேகம். எருமை மாடு இதைவிட வேகம். முதல் பெட்டியைப் போகவிட்டேன், அடுத்ததை விட்டேன். எங்கள் பெட்டியும் போயிற்று. பஷீர் என் பெயரைச் சொல்லிக் கத்தினான், நான் கையாட்டினேன். கடைசிப் பெட்டி முடியும் இடத்தில் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். கம்பி இருக்கவேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று என்ஜின் வந்தது. மலை ஏறும்போது அது பின்னாலிருந்து தள்ளுமாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஓட்டுகிறவர் என்னைப் பார்த்து ஏதோ திட்டினார். புஸ்ஸென்று ஆவி அடித்தது. கண்ணை மூடித் திறந்தபோது நானும் குரங்குகளும்தான் இருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் வளைவுக்கு அப்பாலிருந்து மாமா தண்டவாளத்தோரம் நடந்து வந்தார். பஷீர் போட்ட கூச்சலில் விஷயம் தெரிந்து, குன்னூரில் நிற்கிற அந்த அக்காவிடம் சொல்லுங்கடா என்று மட்டும் பையன்களிடம் கத்திவிட்டு, ஓடுகிற வண்டியிலிருந்து குதித்திருந்தார். அவரும் கொருக்குப்பேட்டைதானே, சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். “அடி கிடி பட்டுச்சா?” என்று கேட்டு என் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரயில் போன திசையைச் சிறிது நேரம் பார்த்தார்.

மேலே போக அன்றைக்கு வேறு ரயில் கிடையாது. ஸ்டேஷன்காரர் காட்டிய ஒற்றையடிப் பாதையில் மூச்சிரைக்க நடந்து சாலைக்கு வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வந்த பஸ்ஸில் நிற்கத்தான் இடம். வழி முழுக்க மாமாவின் உதடு முணுமுணுத்துக்கொண்டே வந்தது, அண்ணனிடம் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்தார். நாலாவது கொண்டை ஊசி வளைவில் அந்த வெள்ளைச் சட்டையின் மேல் காலையில் தின்ற இட்லி முழுவதையும் வாந்தி எடுத்தேன்.

குன்னூர் ஸ்டேஷனை அடைந்தபோது மணி ஒன்று. பெஞ்சில் அவள் இருந்தாள், அண்ணனைக் காணோம். இரண்டு பக்கமும் பஷீரும் சேகரும் உட்கார்ந்து, அவள் அண்ணனுக்கென்று கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் கேட்டபோது தாங்கள் எவ்வளவு பொறுப்பாகப் பதில் சொன்னார்கள் என்பதை இருவருமே பெருமையோடு விவரித்தார்கள்.

“மாப்பிள்ளை எங்கேன்னாரு. மாமா குதிச்சிட்டாரு சார்னேன்,” என்றான் பஷீர். “எங்க குதிச்சாருன்னு கேட்டாரு. பாதி வழிலயே சார், வண்டி போய்கினு இருக்க சொல்லோ டபால்னு குதிச்சு பின்னாடி ஓட்டம் புட்ச்சாருன்னேன்.”

“அவருக்கு அடியே படாது சார், சின்ன வயசுலேர்ந்து பழக்கம்னு நான் சொன்னேன் மாமா,” என்றான் சேகர்.

பெண் கேட்க வந்தவன் நடுவழியில் குதித்து ஓடினான் என்றால் எந்த அண்ணன் நிற்பார்? எழுந்து, வா போகலாம் என்று தங்கையைக் கூப்பிட்டிருக்கிறார். அவள், வந்துவிடுவார், கொஞ்சம் இருங்கள் என்றிருக்கிறாள். இப்போது வரவில்லை என்றால் எப்போதும் வராதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாமா, வீட்டுக்குப் போய்க் காலில் விழுகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்றாள். சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு பிளாட்ஃபாரக் குழாயடிக்குப் போனாள். மாமா பனியனோடு குளிரில் நின்றார். அழுக்குப் போன பிறகும் அவள் வெகுநேரம் கசக்கிக்கொண்டே இருந்தாள். மலைத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது போல என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஊட்டிக்குப் போனோம், ஏரியில் படகு விட்டோம், கேரட் தின்றோம். மறுநாள் மெட்ராஸுக்குத் திரும்பும்போது அவளும் ஒரு பையோடு எங்கள் கூடவே வந்தாள். லீவு முடிந்துவிட்டது போல என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த மாதம் எனக்கு அத்தை ஆனாள்.

இந்தக் கதையை முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். எந்த விசேஷத்திலும் என்னைச் சொல்லச் சொல்வார்கள். எருமை மாட்டில் ஒரு சிரிப்பு, என்ஜினில் ஒரு சிரிப்பு, இட்லியில் பெரிய சிரிப்பு. கடைசியில் மார்தட்டுவேன்: “நான் மட்டும் ஒழுங்கா ஏறி இருந்தா, அந்தாளு மாமா மூஞ்சியப் பாத்துட்டு வேணாம்னு சொல்லி இருப்பாரு. இந்தக் கல்யாணமே நான் பண்ணி வெச்சது!” மாமா முதல் ஆளாகக் கைதட்டுவார். அத்தை பரிமாறிக்கொண்டிருப்பாள்.

போன மாதம் என் மகளின் பிறந்தநாளில் மறுபடி சொன்னேன். பந்தி முடிந்து, பிரிஞ்சி அண்டாவை அத்தையோடு சேர்ந்து தூக்கிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனேன். குன்னூர்க்காரி, இத்தனை வருஷத்தில் எங்களைவிட நன்றாக எங்கள் பாஷை பேசுகிறவள். அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“கத நல்லாத்தான் சொல்ற நைனா. எங்க அண்ணன் செத்து எட்டு நாள் கழிச்சுதான் எனக்கே தெரிஞ்சுது. அடுத்த வாட்டி அதையும் சேத்து சொல்லு.”