பவளத்துக்காக வாங்கிய பேரல்

டல்லாஸுக்குத் தெற்கே ரவுண்ட் ராக்கில் நஞ்சுண்டனைத் தெரிந்தவர்கள் பிரஷர் குக்கர் வாங்குவதாக இருந்தாலும் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். கோபிக்காரர். பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் சர்வர்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. சோதிப்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. மெத்தை வாங்க ஆறு வாரம் எடுத்துக்கொண்ட மனிதர். அந்த ஆறு வாரமும் குடும்பம் கார்ப்பெட்டில்தான் படுத்தது. கடைசியில் வாங்கிய மெத்தை என்னவோ நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படிப்பட்டவர் மனைவி பவளத்துக்கு ஒரு துப்பாக்கி செய்து தர ஆசைப்பட்டார்.

பவளம் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள், ரைஃபிள் சுட்டு மாநில அளவில் பரிசு வாங்கியவள். கல்யாணம், வேலைக்குப் போக முடியாத விசா, மகள் ரோஷினி என்று இருபத்திரண்டு வருடம் அந்தப் பேச்சே எழவில்லை. கிரீன் கார்டு வந்த வருடம், சும்மா ஒரு நாள் ஊருக்கு வெளியே இருந்த துப்பாக்கி கிளப்புக்குப் போனார்கள். சனிக்கிழமை காலைகளில் அங்கே ஒரு போட்டி. இரும்பில் வெட்டிய கோழி, பன்றி, வான்கோழி, ஆடு எல்லாம் வரிசையாக நிற்கும். நின்றுகொண்டே சுட்டுச் சாய்க்க வேண்டும். கிளப்பின் இரவல் துப்பாக்கியைத் தோளில் வைத்த பவளம் முதல் நாளே ஏழு கோழியைச் சாய்த்தாள். அதன்பின் ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் காரில் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வருவாள். அவள் பாடுவாள் என்பதே நஞ்சுண்டனுக்கு அப்போதுதான் தெரியும்.

இரவல் துப்பாக்கியிலேயே இப்படி என்றால் சொந்தத் துப்பாக்கியில் எப்படிச் சுடுவாள் என்று அவர் நினைத்தார். நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குக் கொடுத்துவிடுவதென்று, அவளிடம் மூச்சு விடாமல் வேலையைத் தொடங்கினார்.

துப்பாக்கிக்கு உயிரே பேரலில், அதாவது குழலில்தான் என்று எங்கோ படித்தார். அவ்வளவுதான், இரண்டு வருடம் போயிற்று. ஸ்டெயின்லெஸ்ஸா சாதாரண எஃகா, உள்ளே ஓடும் திருகுக் கோடுகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று, கையால் மெருகேற்றியதா என்று கரைத்துக் குடித்தார். எக்செலில் பதினோரு பேரல்கள் ஏறின. காப்பெல்லில் குடியிருந்த, மான் வேட்டைக்குப் போகும் நண்பர் சாய்ராமை வாராவாரம் போனில் பிடித்தார். இணையத்தில் முகம் தெரியாதவர்களையெல்லாம் கேட்டார். தடித்த பேரல்தான் அசையாது, அதுதான் குறி தப்பாது என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாம் துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, உட்கார்ந்து சுடுகிறவர்கள். அது நம் ஆளுக்கு உறைக்கவில்லை. இருப்பதிலேயே தடித்த பேரலாகப் பார்த்து முடிவு செய்தார்.

துப்பாக்கி செய்து தரும் வேய்ன் மட்டும் வேறு கேள்வி கேட்டார். சுடப்போவது யார், நின்றா உட்கார்ந்தா, எவ்வளவு உயரம், ஒருமுறை கடைக்கு அழைத்து வர முடியுமா என்றார். சர்ப்ரைஸ் என்று சொல்லி நஞ்சுண்டன் தட்டிக் கழித்தார். டல்லாஸில் படித்துக்கொண்டிருந்த ரோஷினியும் போனில் அதையே கேட்டாள்.

“அப்பா, டிட் யூ ஆஸ்க் அம்மா?”

“அம்மாவுக்கு இதெல்லாம் என்ன கண்ணு தெரியும்? பெஸ்ட் எதுவோ அதை வாங்கிக் குடுத்தா சந்தோஷப்படுவா.”

பேரலைப் பற்றிப் பவளத்துக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் அவள் தோள் எவ்வளவு தாங்கும் என்பது அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? ஊரையெல்லாம் கேட்டவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கல்யாண நாளன்று பெட்டியைத் திறந்ததும் பவளத்தின் கண் கலங்கியது. அந்தச் சனிக்கிழமையே எடுத்துக்கொண்டு போனார்கள். பத்துக் குண்டு போவதற்குள் இடது கை நடுங்கத் தொடங்கியது. முன்பாரம் இழுத்து, குழல் முனை தானாகத் தாழ்ந்தது. அன்று சாய்ந்தது ஒரே ஒரு கோழி. நன்றாகத்தான் இருக்கிறது, பழகிக்கொள்கிறேன் என்று காரில் சொன்னாள். பாட்டு இல்லை.

பழகத்தான் பார்த்தாள். அவர் ஆபீஸ் போனபின் கராஜில் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். முழங்கை வீங்கியது. கிரைண்டர் கல்லைத் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று அவரிடம் சொன்னாள், அவரும் நம்பினார். மெல்ல மெல்லச் சனிக்கிழமைகள் நின்றன. தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள்.

ஒரு வருடம் கழித்து நஞ்சுண்டன் மட்டும் அந்தத் துப்பாக்கியோடு கிளப்புக்குப் போனார். மேஜைமேல் வைத்துச் சுட்டார். ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போயின. நாலு பேர் கூடிவந்து பேரலைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள். பவளத்துக்கென்று செய்தது மேஜைக்குத்தான் பொருந்தியது என்று அவருக்கு அவமானமாக இருந்தது. போட்டியை நடத்தும் அம்மாள், பவளம் ஏன் வருவதில்லை என்று கேட்டார். கிளப் துப்பாக்கியையாவது எடுத்துக்கொள் என்று தானே கூப்பிட்டதாகவும், கணவர் இவ்வளவு பார்த்துச் செய்துவிட்டு நிற்கும்போது இரவலைத் தொட மனசு வரவில்லை என்று பவளம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். முழங்கை எதனால் வீங்கியது என்பதும் அவர் சொல்லித்தான் நஞ்சுண்டனுக்குத் தெரிந்தது.

நேரே வேய்னிடம் போனார். மெல்லிய பேரல் மாற்றுவது பெரிய வேலை இல்லை, இந்த முறையாவது மனைவியைக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றார் வேய்ன்.

வீட்டில் பவளம் டைனிங் டேபிளில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தார்.

“பேரலை மாத்திடலாம் பவளம். எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் இருந்தா உனக்குத் தோதா இருக்கும்? நீயே சொல்லு.”

அவள் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். கோபமெல்லாம் இல்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

“அன்னைக்குக் கேட்டிருந்தீங்கன்னா டக்குனு சொல்லியிருப்பனுங்க. இப்ப நினைச்சுப் பாத்தாலும் ஒண்ணும் தோணலைங்க.”