ஒரு மில்லி

பட்டறையில் அவளுக்கு வெடி அக்கா என்றுதான் பேர். பத்தொன்பது வருஷமாக ஆன்டெனாக்களைப் பற்றவைக்கிறாள், கோபம் வந்தால் முதலாளி, தொழிலாளி என்று பார்க்க மாட்டாள். ஆனால் அன்றைக்கு அவள் குதித்ததில் ஒரு தப்பும் கிடையாது.

அங்கே செய்வது கல்குவாரி லாரிகளின் பின்புறம் மாட்டுகிற எச்சரிக்கைப் பெட்டி. லாரி ரிவர்ஸ் வரும்போது பின்னால் ஆள் நின்றால் கத்தும். உள்ளே சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு செப்புத் தகடு, அதுதான் பின்னால் ஆள் இருக்கா என்று பார்க்க ரேடியோ அலை அனுப்புகிற ஆன்டெனா. அவ்வளவு சின்னதாக இருப்பதால் அலை நேராகப் போகாமல் நாலாபக்கமும் சிதறும். பக்கத்தில் சுவர் இருந்தாலும் பெட்டி கத்தித் தொலைக்கும். டிரைவர்கள் எரிச்சலில் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். அப்படிப் பிடுங்கின ஒரு லாரிதான் போன வருஷம் அவள் தம்பியின் விலா எலும்பை நொறுக்கியது. ஆறு மாசம் படுத்துக் கிடந்தவன், வேறு வேலை கிடைக்காமல் மறுபடியும் அதே குவாரியில் லாரிக்குப் பின்னால் நின்று கை காட்டுகிறான்.

அவள் சும்மா இருக்கவில்லை. என்ஜினீயரை நச்சரித்து நச்சரித்து, தகட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பலகையைச் சின்னக் கட்டைகள் கொடுத்துத் தூக்கி வைத்து, எட்டு மாசம் அளந்தாள். சரியாக ஆறு மில்லிமீட்டர் உயரத்தில் வைத்தபோது சிதறின அலை ஒன்றுசேர்ந்து நேராகப் பாய்ந்தது. அன்றைக்கு அவள் அழுதேவிட்டாள்.

இப்போது இருநூறு பெட்டி, சரிபார்த்தேன் என்று அவள் கையெழுத்துப் போட்டால் கிளம்பத் தயாராக நிற்கிறது. ஒன்றைத் திறந்து பலகையின் உயரத்தை அளந்தாள். ஏழு மில்லி.

நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"ஸ்டோர்ல ஆறு மில்லி கட்டை இல்ல, ஏழுதான் இருந்துச்சு," என்றார் அவர். "ஒரு மில்லில குடியா முழுகிடும்? கையெழுத்தப் போடும்மா."

"முழுகும் சார். ஆறுல நேரா போற அலை ஏழுல ரெண்டு பக்கமும் பிரிஞ்சிடும். பழையபடி சுவரப் பாத்துக் கத்தும். கையெழுத்தா கேக்குறீங்க? கீழ லாரி நிக்குது, வாங்க."

வம்பாகிவிடும் என்றுதான் அவர் எழுந்து வந்தார். முற்றத்தில் சுவரோரமாக நின்ற லாரியில் பெட்டியை மாட்டினாள். டிரைவரை ஒரு தடவை ரிவர்ஸ் போடச் சொன்னாள்; பின்னால் ஆளே இல்லை, சுவரைப் பார்த்துப் பெட்டி கத்தியது. அவரைப் பின்னால் பத்தடி தள்ளி நிற்க வைத்துவிட்டு, டிரைவர் பக்கக் கதவோரம் வந்து நின்றாள்.

"அண்ணே, மெதுவா பின்னால எடுங்க."

ரிவர்ஸ் போட்டதுமே பெட்டி மறுபடியும் கத்த ஆரம்பித்தது. டிரைவர் முகத்தைச் சுளித்தார். குனிந்து காலடியில் ஓடின பெட்டி வயரைப் படக்கென்று பிடுங்கினார். சத்தம் நின்றது. லாரி நகர்ந்தது.

அவள் கதவில் ஓங்கி அடித்தாள். லாரி நின்றபோது மேனேஜருக்கும் அதற்கும் நடுவில் ஐந்தடிகூட இல்லை.

"பின்னால ஆள் நிக்குறாரா?" டிரைவர் எட்டிப் பார்த்தார். "சும்மா கத்துதுன்னு நெனச்சேம்மா. நாங்க எல்லாருமே பிடுங்கிருவோம்."

மேனேஜர் லாரியைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்தார். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது.

"ஆறு மில்லி கட்டை வர எத்தனை நாளாகும்?"

"பத்து நாள்."

"அதுவரைக்கும் குவாரியில?"

"பழைய பெட்டிதான், வயரப் பிடுங்கிட்டு லாரி ஓடும்," என்றாள். "நீங்க இப்ப நின்னீங்களே, அந்த எடத்துல என் தம்பி நிப்பான்."