கிளப்பில் ரேடியோ கேட்டவர்கள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. யாரோ சொல்லிக் கேட்டதில்லை இது. எனக்கே நடந்தது.

என் பெயர் ரிஸ்வி. லிந்துலையில் ரேடியோ பழுது பார்க்கிறவன். 1961 ஆடி மழையில் மேலே தேயிலைத் தோட்டத்துக் கிளப்புக்குக் கூப்பிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனங்கள் அந்தியில் கூடிக் கேட்கிற ஒரே ரேடியோ அங்கேதான் இருந்தது. அதைப் போடுவதும் நிறுத்துவதும் சிவசாமி என்பவரின் வேலை. அவர் இறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ரேடியோவின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

காவற்காரன் மூக்கன் தயங்கித் தயங்கிச் சொன்னான். முஸ்லிம் ஆட்களை அங்கே நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நானா, சிவசாமி அண்ணனுக்கு இன்னும் பதினாறு கும்பிடல. அதுவரைக்கும் ரேடியோ பாடக்கூடாதுங்க. ரிப்பேர் பண்ணி மூடி வச்சிருங்க.”

“சரி, சரி.”

சனங்கள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று வெளியே பூட்டிக்கொண்டு போனான். அறைக்கு ஒரே கதவு. ஜன்னல்களில் இரும்புக் கம்பி.

கெட்டுப்போன வால்வை மாற்றினேன். மாற்றியதைப் போட்டுப் பார்க்காமல் எழுந்தால் அவன் என்ன ரேடியோக்காரன்? மணி ஐந்தரை. சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். கொழும்பிலிருந்து நேயர் விருப்பம் வந்தது. எனக்குப் பெருமைதான்.

அப்போதுதான் அந்த வாடை... நனைந்த கம்பளி வாடை. கொழுந்து பறிக்கிறவர்கள் மழைக்குப் போர்த்திக்கொள்வார்களே, அந்தக் கம்பளி.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. திரும்பினேன். யாருமில்லை. ஜன்னல் வழியாக மூடுபனி வந்திருந்தது, அவ்வளவுதான்.

அறிவிப்பாளர் பாட்டுக் கேட்டவர்களின் ஊர்களை வாசித்தார். வலப்பனை... உடப்புசல்லாவை... லிந்துலை.

“லிந்துலை” என்றதும் அறை முழுக்கச் சந்தோஷமாக ஒரு முணுமுணுப்பு.

ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ “உஸ்...” என்று அடக்கினார்கள்.

சட்டென்று நிறுத்தினேன்.

எல்லாப் பெஞ்சுகளும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. எழுந்துவிட்டார்கள்.

வாடை கிட்டே வந்தது. இன்னும் கிட்டே... என் பிடரியில் ஈரம்.

மறுபடி போட்டேன். பாட்டு வந்தது. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. உட்கார்ந்துவிட்டார்கள்.

பாடுகிற வரைதான் எனக்கு உயிர் என்று புரிந்தது. கதவுக்கும் எனக்கும் நடுவில் அவர்கள். வீட்டில் என் மனைவி ரபீக்கா தனியாக இருந்தாள். எப்படியாவது வீடு போய்ச் சேர வேண்டும். “மூக்கா! மூக்கா!” என்று கத்தினேன். தகரக் கூரையில் மழை கொட்டியது.

அந்த ரேடியோ கார் பேட்டரியில் ஓடுவது. சார்ஜ் பண்ணி எத்தனை நாளோ!

ஐந்து ஐம்பது. ரேடியோ முகப்பில் எரிந்த விளக்கு மங்கியது.

பாட்டு இழுத்தது.

“யா அல்லாஹ்...”

விளக்கு அணைந்தது.

என் காதருகில் ஓர் ஆண்குரல்.

“போதும். எல்லாம் எந்திரிங்க. வெள்ளன பெரட்டுல பேர் குடுத்து வேலைக்குப் போகணும்.”

காலடிகள் கதவுப் பக்கம் நகர்ந்தன. நானும் எழுந்தேன்.

தோளில் ஒரு கை.

“நீங்க இருங்க, நானா.”

பூட்டுத் திறக்கும் சத்தம். லாந்தரோடு மூக்கன். அவனைத் தள்ளிவிட்டு ஓடினேன். சாமான் பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மூக்கன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். கடைக்குள் ஏறவில்லை. வாசலிலேயே வைத்தான்.

“பதினாறு கும்பிட்டாச்சுங்க. கிளப்பு பூட்டித்தான் கெடக்கு. ஆனா தெனம் அஞ்சரைக்கு ரேடியோ பாடுது. முடிஞ்சதும் எந்திரிங்கன்னு ஒரு குரல் சொல்லுது.”

“சிவசாமியா?”

“இல்லைங்க.” என் முகத்தை அவன் பார்க்கவில்லை. “ஒங்க குரலு.”

சிரித்துச் சமாளித்தேன். நான் அந்தியில் கடையை விட்டு எங்குமே போவதில்லை. இருந்தும் மனசு கேட்கவில்லை. கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டுக்குள் போய் ரபீக்காவிடம் கேட்டேன்.

“அஞ்சரைக்கு நான் எங்க ஈக்கிறேன்?”

“கடையிலதான் ஈக்கிறீங்க. கண்ணும் தொறந்துதான் ஈக்கிது” என்றாள். “ஒரு மாசமா, அந்த நேரத்துல எத்தன தரம் கூப்புட்டாலும் பேசுறல்ல.”